மலையில் ஓடும் பழைய பைக்குக்கு டிடி-830டி மீட்டர்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

டிடி-830டி மல்டிமீட்டர் எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். விலை முந்நூறு ரூபாய்க்குள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஆர்எக்ஸ் 100, பழைய ஸ்ப்ளெண்டர், பாயிண்ட் வைத்த புல்லட் ஓட்டுகிறவர்கள் டூல் பையில் இதை வைத்திருக்கலாம். ஆனால் வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க எல்லாரும் முதலில் திருப்புகிற 'பீப்' ரேஞ்சுதான் இதில் அதிகம் ஏமாற்றும். இதை வாங்க வேண்டியது டிசி 20 வோல்ட் ரேஞ்சுக்காக.

நீலகிரியில் வரும் கரண்ட் கோளாறுகள் பல பார்ட் கெட்டுப்போனதால் வருவதில்லை; கப்ளரும் (வயர்களை இணைக்கும் பிளக்) எர்த்தும் (ஃபிரேம் வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) தான் காரணம். கூடலூர் பக்கம் ஆடி மழை, குன்னூர் பக்கம் ஐப்பசி மழை, மீதி நாளெல்லாம் மூடுபனி. ஓடிச் சூடான வண்டி இரவில் குளிரும்போது கப்ளருக்குள் ஈரம் படிந்து, பித்தளை பச்சை பூத்துவிடும். வயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், 12 வோல்ட்டும் காட்டும். ஏனென்றால் இதன் உள்தடை 1 மெகா ஓம்; அது இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை. பிரேக் லைட்டின் 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த இழையின் லட்சணம் தெரியும்.

ஆகவே லோடு போட்டு, அதாவது பல்பை எரியவிட்டு, அளக்க வேண்டும். ஹெட்லைட்டை வைத்துப் பார்க்காதீர்கள். இந்த 100 சிசி வண்டிகளில் அது மேக்னட்டோவிலிருந்து (எஞ்சினோடு சுற்றி கரண்ட் தரும் பகுதி) நேராக ஏசியில் எரியும். பிரேக் லைட்தான் வசதி. சாவியை ஆன் செய்து, பிரேக் பெடலை டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டுங்கள். கறுப்பு முனை பேட்டரி மைனஸ் முனையத்தில், அதாவது ஈயத்தின் மேலேயே, லக் (வயர் முனைத் தகடு) மேல் அல்ல. சிவப்பு முனை டெய்ல் லேம்ப் ஹோல்டரின் பித்தளை உடம்பில். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. 0.5, 0.8 என்று வந்தால் சிவப்பு முனையை ஒவ்வொரு இடமாகப் பேட்டரிப் பக்கம் நகர்த்துங்கள்: மட்கார்ட் போல்ட், ஃபிரேம், எர்த் வயர் லக். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் அளவு சட்டென்று விழுகிறதோ, அங்கேதான் கோளாறு. பிளஸ் பக்கமும் இதே முறைதான். ஃபியூஸ், சாவி, பிரேக் ஸ்விட்ச் மூன்றையும் தாண்டி மொத்தம் அரை வோல்ட்டுக்கு மேல் இழக்கக்கூடாது. இடம் தெரிந்ததும் போல்ட்டைக் கழற்றி, பெயிண்ட்டை இரும்பு தெரியச் சுரண்டி, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, பிறகு வாசலின் தடவுங்கள். வயர் உள்ளேயே கறுத்திருந்தால், செம்பு பளபளக்கும் வரை வெட்டிப் புது முனை அடிப்பதைத் தவிர வழியில்லை.

சார்ஜிங் பார்க்கவும் இந்த ரேஞ்ச் போதும். இரவெல்லாம் சும்மா நின்ற நல்ல பேட்டரி 12.6 காட்டும். ஆக்சிலரேட்டரை நடு அளவுக்குக் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, அல்லது அதன் எர்த். ஏறவே இல்லையென்றால் ரெகுலேட்டருக்குப் பணம் போடுமுன் அதன் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். கல்லட்டி இறக்கத்தில் எஞ்சின் ஐடிலிலேயே ஓட, பிரேக் லைட் ஓயாமல் எரிந்தால், 2.5 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரிக்கு உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகம். மசினகுடியில் ஹார்ன் கம்முவதற்குப் பேட்டரியைக் குறை சொல்லுமுன் பிரேக் ஸ்விட்ச் அட்ஜஸ்ட்மெண்ட்டைப் பாருங்கள்.

நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்கினால், மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனையத்துக்கும் நடுவே மீட்டரை வைத்து ஆம்பியர் பாருங்கள். முதலில் 10ஏ துளை, ஒன்றும் காட்டாவிட்டால் 200 மில்லி ரேஞ்ச். கடிகாரமோ அலாரமோ இல்லாத வண்டியில் சுழிதான் வர வேண்டும். 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே 2.5 ஏஹெச் பேட்டரி மூன்று வாரத்தில் காலி. ரெகுலேட்டர் கப்ளரைப் பிடுங்கியதும் சுழியானால் உள்ளே டயோடு ஒழுகுகிறது. அந்த 10ஏ துளைக்குப் பெரும்பாலான பீஸ்களில் ஃபியூஸ் கிடையாது. முனையை அங்கே விட்டுவிட்டுப் பேட்டரி வோல்ட்டேஜ் பார்த்தால் வயரே உருகும். வேலை முடிந்ததும் முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

இதனால் ஆகாதவையும் உண்டு. ஏசியில் 200, 750 என்று இரண்டே ரேஞ்ச். மேக்னட்டோ லைட்டிங் காயிலில் கரண்ட் வருகிறதா இல்லையா என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. எஞ்சின் ஓடும்போது சிடிஐயிலிருந்து (ஸ்பார்க் பிளக்குக்குத் துடிப்பு அனுப்பும் பெட்டி) இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரைத் தொடவே வேண்டாம். அந்தத் துடிப்பு மீட்டரைக் கொன்றுவிடும். ஃபியூஸ் போட்டதும் எரிந்துபோகும் ஷார்ட்டுக்கு மீட்டரைவிட பல்புதான் கெட்டி. ஃபியூஸ் இடத்தில் 21 வாட் பல்பை மாட்டிவிட்டு வயரிங்கை அசைத்துப் பாருங்கள். முழு வெளிச்சம் மங்குகிற இடத்தில் ஷார்ட்.

மீட்டரின் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும். பைக்கின் செத்த பேட்டரியும் 12.8 என்று தெரியும். திரையில் பேட்டரி குறி வந்தால் அன்றைய அளவு எதையும் நம்பாதீர்கள். ஈரத்தில் ரேஞ்ச் மாற்றும் குமிழின் தகடும் மங்கும். எண் அலைபாய்ந்தால் குமிழை இரு பக்கமும் பத்து முறை திருப்பினால் சரியாகும். கூட வரும் வயர்கள் கழுத்தில் சீக்கிரம் அறும். முதலை கிளிப் ஒரு ஜோடி சேர்த்தே வாங்குங்கள்.

இதைவிடப் பெரியதாக கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வியே ஆம்பியர் அளப்பது) எடுக்க நினைத்தால், டிசி ஆம்பியர் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்தவை பெரும்பாலும் ஏசிக்கு மட்டும்தான். பைக் பேட்டரிப் பக்கம் அவற்றால் பயனில்லை.