இரண்டரை வருஷம், நாலு நோட்டு: மேற்கத்திய வரலாறு படித்த கணக்கு

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. செப்டம்பர், அக்டோபரில் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த இரண்டு மாதம் போக, மீதி நாட்களில் காலை 5 மணியிலிருந்து 6 வரை இரண்டரை வருஷமாகப் பழைய கிரேக்கம் தொடங்கி 1648 வரைக்குமான ஐரோப்பிய வரலாறு படித்தேன். பரீட்சை எழுத இல்லை. ஒன்பதாம் வகுப்பில் இருந்த மகள் ஒருநாள், ஐரோப்பிய மறுமலர்ச்சி (ரெனைசான்ஸ்) பாடத்தை வைத்துக்கொண்டு, "மறுமலர்ச்சின்னா முதல்ல மலர்ந்தது எப்பப்பா?" என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

பயன்படுத்தியது யேல் பல்கலைக்கழகம் இலவசமாகப் போட்டிருக்கும் வகுப்புப் பதிவுகள். பண்டைய கிரேக்கத்துக்கு டொனால்ட் கேகன், 24 வகுப்பு. 284 முதல் 1000 வரையான தொடக்க இடைக்காலத்துக்குப் பால் ஃப்ரீட்மேன், 22 வகுப்பு. நவீன காலத் தொடக்க இங்கிலாந்துக்குக் கீத் ரைட்சன், 25 வகுப்பு. மொத்தம் 71. வீடியோவோடு பேச்சின் எழுத்து வடிவமும் கிடைக்கிறது. சர்டிஃபிகேட் கிடையாது. ஆங்கிலம் வேகமாக ஓடும் இடங்களில் அந்த எழுத்து வடிவம்தான் என்னைக் காப்பாற்றியது.

முதல் நாலு மாதத்தை வீணடித்தேன் என்றுதான் சொல்லவேண்டும். பஸ்ஸில் இயர்போன் மாட்டிக்கொண்டு, ஒன்றரை மடங்கு வேகத்தில், பாட்டுக் கேட்பதுபோல் கேகனின் 24 வகுப்பையும் கேட்டு முடித்தேன். முடித்த பெருமையில் வீட்டில் சொன்னால், "சரி, அந்த தெமிஸ்டோகிளீஸ் யாருங்க?" என்றாள் மனைவி. ஏதோ கப்பல், ஏதோ சண்டை. அதற்கு மேல் வரவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தபோது என் தொழில்புத்தி கைகொடுத்தது. வவுச்சர், அதாவது ஆதாரச் சீட்டு, இல்லாத என்ட்ரியை நாங்கள் பாஸ் பண்ணமாட்டோம். இதற்கும் அதையே விதியாக வைத்தேன். ஒரு வகுப்பு கேட்டால், அதில் வரும் ஒரு விஷயத்துக்காவது அந்தக் காலத்துச் சான்றைத் தேடிப் பார்க்கவேண்டும். கல்வெட்டோ, கடிதமோ, சட்டமோ, ஓட்டாஞ்சில்லோ, எதுவானாலும் சரி. பார்த்த பிறகுதான் நோட்டில் ஏறும்.

ஓட்டாஞ்சில் என்று சும்மா சொல்லவில்லை. ஏதென்ஸ் மக்கள் ஒருவரைப் பத்து வருஷம் ஊரைவிட்டு அனுப்ப நினைத்தால், உடைந்த பானைச் சில்லில் அவர் பெயரைக் கீறிப் போடுவார்கள். 1937-ல் அக்ரோபோலிஸ் குன்றின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றிலிருந்து கிட்டத்தட்ட 190 சில்லுகள் கிடைத்தன. அத்தனையிலும், பாரசீகரைக் கடற்போரில் வென்ற ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோகிளீஸின் பெயர். எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், எழுதிய கைகள் மொத்தம் 14-தான்! முன்கூட்டியே எழுதிக் குவித்து, வருகிறவர்கள் கையில் கொடுக்க வைத்திருந்த சரக்கு. வேறுவேறு கடை பில் என்று கொடுத்த கட்டில் ஒரே கையெழுத்தைப் பார்த்து நான் எத்தனை தடவை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன்! அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தேன். தெமிஸ்டோகிளீஸ் யார் என்று இனி யார் கேட்டாலும் சொல்வேன்.

ஃப்ரீட்மேன் வகுப்பு 284-ல், ரோமப் பேரரசர் டயோக்லீஷியன் பதவிக்கு வந்ததிலிருந்து தொடங்குகிறது. ரோம் 476-ல் "விழுந்தது" என்று ஒரு வரியில் படித்த எனக்கு இது பெரிய திருத்தம். கிழக்கில் அதே பேரரசு 1453 வரை ஓடியிருக்கிறது, அங்கிருந்தவர்கள் தங்களை ரோமர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். இந்தப் பகுதியில் என் வவுச்சர், 301-ல் டயோக்லீஷியன் போட்ட விலை ஆணை. விலைவாசி தாறுமாறாக ஏற, பொருளுக்கும் கூலிக்கும் உச்சவரம்பு போட்டு, மீறினால் மரண தண்டனை என்றார். முடி வெட்ட 2 தெனாரியஸ் (ரோம நாணயம்). வயல்கூலிக்கு நாளைக்குச் சாப்பாட்டோடு 25. கணக்கு வாத்தியாருக்கு மாணவன் ஒருவனுக்கு மாதம் 75, இலக்கண வாத்தியாருக்கு 200. (கணக்குக்கு அன்றைக்கே மதிப்பு இவ்வளவுதான்.) பொருள்கள் சந்தையை விட்டே மறைந்துபோய், ஆணையைக் கைவிடவேண்டி வந்தது என்று அந்தக் காலத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் லக்டான்ஷியஸ் எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு டயோக்லீஷியனைக் கண்டால் ஆகாது. அதனால் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

இந்த வகுப்பில் எனக்குப் பிடித்த ஆள் ஃபிராங்க் மக்களின் மன்னர் சார்லமேன். 800 கிறிஸ்துமஸ் அன்று ரோமில் பேரரசராக முடிசூடியவர். அவரோடு இருந்த ஐன்ஹார்ட் சொல்கிறார்: எழுதப் பழகுவதற்காகப் படுக்கையில் தலையணைக்கு அடியில் பலகைகளை வைத்திருப்பாராம், ஓய்வு கிடைக்கும்போது எழுத்துப் பழகுவாராம். வயதான பிறகு ஆரம்பித்ததால் பெரிதாக வரவில்லையாம். 46 வயதில், தலையணைக்குப் பக்கத்தில் நோட்டோடு தூங்குகிறவனுக்கு இதைவிட ஆறுதல் என்ன வேண்டும்?

சிக்கல் எங்கே என்றால், நான் எடுத்த மூன்று வகுப்புக்கும் நடுவில் இரண்டு பள்ளம். ரோமக் குடியரசும் 284-க்கு முந்திய ரோமப் பேரரசும் ஒன்று. 1000 முதல் 1500 வரை இன்னொன்று, இதுதான் பெரியது. இதை நிரப்ப ஒரு ஆப்பில் ஒரு வருஷச் சந்தா கட்டினேன். வினாடி வினா, காலக்கோடு, வண்ணப் படம் எல்லாம் இருந்தது. மூன்று மாதத்தில் எல்லாப் பேட்ஜும் வாங்கிவிட்டேன். மண்டையில் ஒன்றும் இல்லை. மறு வருஷம் ஆட்டோ பேயில் பணம் எடுத்த மெசேஜ் வந்தபோதுதான் அப்படி ஒன்று போனில் இருப்பதே ஞாபகம் வந்தது. அடுத்தவனுக்கு டிடிஎஸ் தேதி ஞாபகப்படுத்துகிற ஆள் நான்!

கடைசியில் அந்த ஐநூறு வருஷத்தை நானே சில்லுசில்லாக ஒட்டினேன். இத்தாலிய வணிகர்கள்தான் நுழைவாயில். 1202-ல் பீசா நகரத்து ஃபிபொனாச்சி, "இந்தியர்களின் ஒன்பது எண்கள்" என்றே சொல்லி நம் எண்முறையை அறிமுகப்படுத்துகிறார். 1299-ல் புளோரன்ஸின் பணமாற்றுக்காரர் சங்கம், கணக்குப் புத்தகத்தில் அந்த எண்களை எழுதக் கூடாது, தொகையை எழுத்தால் எழுது என்று தடை போடுகிறது. 0-வை 6 ஆக, 9 ஆகத் திருத்திவிடலாம் என்ற பயம்தான் காரணமாகச் சொல்லப்படுகிறது. இன்றைக்கும் செக்கில் ரூபாயை எழுத்தால் எழுதச் சொல்கிறார்களே, அதை நினைத்துக்கொண்டேன்.

தமிழில் குறிப்பு எடுத்ததில் ஒரு சங்கடம். ஃபியூடலிசத்துக்கு "நிலப்பிரபுத்துவம்" என்று எழுதியதும் மனதில் பண்ணையாரும் கூலிக்காரரும் வந்து நின்றுவிடுகிறார்கள். அது பாதி உண்மை. மறுபாதியில் கீழே நிற்பவனும் குதிரை, ஆயுதம் உள்ள பெரிய மனிதன். அவன் மண்டியிட்டு, கூப்பிய கையைப் பிரபுவின் கைக்குள் வைத்து, "நான் உங்கள் ஆள்" என்று வாக்குக் கொடுத்து நிலம் பெறுகிறான். பதிலுக்குப் போருக்கு வரவேண்டும். இது புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதன்பிறகு தெரிந்த தமிழ்ச்சொல் வந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எழுதுகிறேன்.

பெயர்க் குழப்பம் தனி. ஸ்பெயினின் முதலாம் சார்லஸும் புனித ரோமப் பேரரசின் (ஜெர்மன் பகுதிகளை மையமாகக் கொண்டது) ஐந்தாம் சார்லஸும் ஒரே ஆள். ஒரே பார்ட்டி, இரண்டு லெட்ஜர். இது தெரியாமல் ஒரு வாரம் இருவரையும் சண்டைக்கு விட்டிருந்தேன்.

மறுமலர்ச்சிக்கு வந்தபோது, மகளின் கேள்விக்குப் பதில் கிடைத்த இடம் ஓவியம் அல்ல, ஒரு போலிப் பத்திரம். கான்ஸ்டன்டைன் பேரரசர் மேற்கு முழுவதையும் போப்புக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு சாசனம் பல நூற்றாண்டாகச் செல்லுபடி ஆகியிருந்தது. 1440-ல் இத்தாலிய அறிஞர் லொரென்ஸோ வல்லா அதன் லத்தீனை வரிவரியாகப் பிரித்தார். ரோமப் பிரபுக்களோடு "சத்ரப்" என்று ஒரு பாரசீக ஆளுநர் பதவி வருகிறதே, கான்ஸ்டன்டைன் காலத்து ரோமில் யார் அப்படி எழுதுவார்கள் என்று கேட்டார். பத்திரத்தில் போட்ட தேதிக்குப் பிறகு வந்த ஸ்டாம்ப் பேப்பரில் பழைய பத்திரம் எழுதி மாட்டிக்கொள்கிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய லத்தீனை ஆசையாகத் திரும்பப் படித்ததால்தான் வல்லாவுக்கு இந்தக் கண் வந்தது. முதலில் மலர்ந்தது பழைய கிரேக்க, ரோமக் காலத்தில், மறுபடி மலர்ந்தது அதைத் திரும்பப் படித்தபோது என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது.

ரைட்சன் வகுப்பை நிதானமாகக் கேட்கலாம். 1538-லிருந்து ஊர்க் கோயில்களில் எழுதச் சொன்ன ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் போன்ற ஆவணங்களிலிருந்து சாதாரண மக்களை எழுப்பிக்காட்டுகிறார். ஆனால் அது இங்கிலாந்து மட்டும். ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதரையும், 1648-ல் முடிந்த முப்பதாண்டுப் போரையும் வெளியே தேடவேண்டி வந்தது.

செலவு: நோட்டு, ஒரு பழைய ஐரோப்பிய வரைபடம், அந்த ஆப் (இரண்டு தடவை). வரைபடம் முதல் நாளே வாங்கியிருக்கவேண்டும்.

மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு, காமர்ஸ். போன வாரம் அக்கவுண்டன்சி புத்தகத்தோடு வந்து, "லூகா பாசியோலின்னு ஒருத்தர், உங்க நோட்டுல இருக்காராப்பா?" என்றாள். மூன்றாம் நோட்டைப் புரட்டினேன். 1494, வெனிஸ், பிரான்சிஸ்கன் துறவி, ஒவ்வொரு கணக்கையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கியவர். பக்கத்தில் சிவப்பு மையில் என் கையெழுத்து: "இவர் கண்டுபிடிக்கவில்லை, வெனிஸ் வியாபாரிகள் முன்பே எழுதிவந்தது. வவுச்சர் பார்க்கவும்." இன்னும் பார்க்கவில்லை.