ஆம்ப்புக்கு மைக்கா, டி.ஐ. எடுத்து ரீஆம்ப்பா?

எலக்ட்ரிக் கிடாரைப் பதிவு செய்ய இரண்டு வழி. ஆம்ப் ஸ்பீக்கருக்கு முன்னால் எஸ்எம்57 மாதிரி ஒரு மைக்கை வைத்து, வாசிக்கும்போதே பிடித்துக்கொள்வது ஒன்று. கிடாரை நேராக, கம்ப்யூட்டரோடு இணையும் ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, ஆம்ப் சேராத வெறும் டி.ஐ. (டைரக்ட் இன்புட்) சிக்னலை மட்டும் பதிந்துவைத்து, பிறகு ரீஆம்ப் பாக்ஸ் (பதிந்த சிக்னலைக் கிடார் சிக்னல் அளவுக்கு இறக்கும் பெட்டி) வழியாக அதை ஆம்ப்புக்கு அனுப்பி மைக்கில் எடுப்பது இன்னொன்று. நான் இப்போது இரண்டாவது கட்சி.

சௌகரியங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். அபார்ட்மென்ட்டில் ராத்திரி ஹெட்போனில் வாசித்துவிட்டு, ஞாயிறு மதியம் ஆம்ப்பை அலறவிடலாம். டோன் பிடிக்காவிட்டால் மறுபடி வாசிக்காமலே மாற்றலாம். இவ்வளவுதான் என்றால் நான் மாறியிருக்க மாட்டேன்.

மாற வைத்தது எடிட்டிங். டிஸ்டார்ஷனோடு பதிந்த ரிதம் டிராக்கின் வேவ்ஃபார்ம் செங்கல் சுவர் மாதிரி இருக்கும். பிக் எங்கே விழுந்தது என்றே பிடிபடாது. குத்துமதிப்பாக வெட்டி ஒட்டினால், இழுபடும் கார்டு நடுவில் அறுவது காதில் விழும். டி.ஐ. டிராக்கில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெரியும். ஒரு டேக்கின் முன்பாதி, இன்னொரு டேக்கின் பின்பாதி என்று எடுத்து, அடிக்குச் சற்று முன்னால் வெட்டி, ஒன்று மங்க இன்னொன்று எழும்படி சின்ன கிராஸ்ஃபேட் போட்டு, அப்புறம் ஆம்ப்புக்கு அனுப்புகிறேன். ஒட்டுப்போட்ட இடத்தையும் டிஸ்டார்ஷன் சேர்த்தே அமுக்கிவிடுகிறது. ஆம்ப்பின் ஸ்பிரிங் ரிவர்ப்கூட வெட்டின் மேல் அறுபடாமல் ஓடும். மைக்கில் பிடித்த டிராக்கில் இந்த வேலை நடக்காது.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பதியும்போது கிடாரை 1 மெகா ஓம் அளவிலான ஹை-இசட் (ஹை இம்பீடன்ஸ்) இன்புட்டில் செருக வேண்டும். சாதாரண லைன் இன்புட்டில் பேட்டரி இல்லாத பாசிவ் பிக்கப்பின் (கம்பி அதிர்வை சிக்னலாக்கும் பாகம்) மேல்ஸ்தாயி மழுங்கிப்போகும். திருப்பி அனுப்பும்போது ரீஆம்ப் பாக்ஸைத் தவிர்த்து வெறும் கேபிள் போட்டால் லைன் லெவல் ஆம்ப்பின் இன்புட்டை முட்டும், பல நேரம் கிரவுண்ட் ஹம்மும் வரும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டி இரண்டையும் தீர்க்கும். ஜான் குனிபெர்ட்டி என்ற ஒலிப்பதிவாளர் 1990களில் இதற்கென்றே ஒரு பெட்டி செய்து விற்றார். அந்த ரீஆம்ப் என்ற பெயர் இப்போது ரேடியல் கம்பெனியிடம் இருக்கிறது. அளவு சரியா என்று பார்க்க, கிடாரை நேரே ஆம்ப்பில் செருகி ஒரு ஈ கார்டை ஓங்கி அடிப்பேன். பதிந்த அதே கார்டும் அதே அளவு கரகரக்கும்வரை பெட்டியின் குமிழைத் திருகுவேன்.

மைக் கட்சிக்கும் நியாயம் உண்டு. சத்தமான ஆம்ப் முன் நின்றால் காற்றே கம்பியை அதிரவைத்து ஃபீட்பேக்காக நோட்டை நீட்டும். பிறகு ரீஆம்ப் செய்து அதை வரவழைக்க முடியாது. ஃபஸ் ஃபேஸ் போன்ற, ஃபஸ் எனும் முரட்டு கரகரப்பைத் தரும் பெடல்களுக்கு பிக்கப்போடு நேரடித் தொடர்பு வேண்டும், பெட்டி வழியாக வந்தால் குணம் மாறும். ஃபஸ் பிரதானமான பாட்டு என்றால் நேராக மைக்தான். பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்பில் நான் அதிகம் செய்து பார்த்ததில்லை, அதனால் அதைப்பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

வீட்டில் சத்தம் போட முடிந்தவர்கள் டி.ஐ. பாக்ஸின் த்ரூ (கிடார் சிக்னலை அப்படியே வெளியே அனுப்பும் சாக்கெட்) வழியாக ஆம்ப்பையும் சேர்த்து ஓட்டி, இரண்டையும் ஒரே நேரத்தில் பதியலாம். ஒரு அடி தூரத்தில் இருக்கும் மைக் சுமார் 1 மில்லிசெகண்ட் பின்தங்கும். இரண்டையும் கலந்து கேட்பதற்கு முன் மைக் டிராக்கை அந்த அளவு முன்கூட்டியே ஒலிக்கும்படி நகர்த்திவிடுங்கள்.