ஏழாம் மாதத்தில் 14416-ஐக் கூப்பிட்டேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. 14416 அரசு நடத்தும் டெலி மனஸ் மனநல உதவி எண். காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

வளைகாப்பு முடிந்து நாலாம் நாள். முழங்கை வரைக்கும் வளையல் கிடக்கிறது, பெரம்பூர் வீட்டு மொட்டை மாடிக்குக் காய்ந்த துணி எடுக்கப் போனவள் துணியைத் தொடாமல் தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்று வாரமாக விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கமே இல்லை, சோறு தொண்டையில் இறங்காது, குழந்தை உதைத்தால் எல்லாரும் சொல்கிற அந்தச் சந்தோஷம் எனக்கு வரவேயில்லை. வீட்டில் அழுதால் "புள்ளத்தாச்சி அழக்கூடாதும்மா, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது" என்பார் அத்தை. பாசமாகத்தான் சொல்வார், ஆனால் அதற்கப்புறம் பிள்ளைக்குக் கெடுதல் செய்கிறேனே என்று இன்னும் கூட அழுகை வரும். செக்கப் போகும் இடத்தில் (பெயர் வேண்டாம்) தூக்கம் வரவில்லை என்றேன், "இந்த மாசத்துல அப்படித்தான்" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மாடியில் இருந்தபடியே 14416-ஐக் கூப்பிட்டேன். போனை எடுத்த பெண் "எத்தனை மாசம்மா?" என்று கேட்டார். ஏழு என்று சொல்வதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "அழுங்க, நான் லைன்லதான் இருக்கேன்" என்றார். கீழே யாரோ மோட்டார் போட்டார்கள், அந்தச் சத்தம் நிற்கும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. எனக்கு அந்த அமைதிதான் இன்னும் நினைவிருக்கிறது, ஏனென்றால் அத்தனை மாதத்தில் அறிவுரை சொல்லாமல் என்னை அழவிட்ட முதல் ஆள் அவர்தான்.

அப்புறம் நிதானமாகக் கேட்டார். எத்தனை நாளாக, சாப்பாடு எப்படி, கல்யாணத்துக்கு முன்னால் இப்படி இருந்ததா, வீட்டில் அடி உதை உண்டா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா. கடைசிக் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டார், அது எனக்கு நல்லதாகத்தான் பட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மசக்கை, உடம்புச் சோர்வு என்று விடக்கூடாது, மனநல மருத்துவரை நேரில் பாருங்கள் என்று சொல்லி, எந்த அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்பதையும் சொன்னார்.

நம்ம ஊரில் 'கீழ்ப்பாக்கம்' என்று சொன்னாலே சிரிக்கிறார்கள், 1794-ல் ஆரம்பித்த அரசு மனநல மருத்துவமனை இப்போது அங்கே இருப்பதால். அந்தப் பயத்தில்தான் என் வீட்டுக்காரரும் முதலில் தயங்கினார். மனநல ஓபி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இருக்கிறது என்று சொன்ன பிறகு கூடவே வந்தார். அங்கே மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கிற எடின்பரோ கேள்வித்தாள் கொடுத்தார்கள். கடந்த 7 நாள் எப்படி இருந்தது என்று 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண், கூடினால் கவனிக்க வேண்டும் என்று அர்த்தம். எனக்கு 17. ரத்தசோகையும் தைராய்டும் இப்படிச் சோர்வைத் தரும் என்று அதற்கும் ரத்தம் எடுத்தார்கள். கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மாத்திரை இருக்கிறதாம், அதைக் குறைந்த அளவில் ஆரம்பித்துக் கொடுத்து, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார் டாக்டர்.

போனிலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வழி காட்டுவார்கள், நடந்து போக வேண்டியது நாம்தான். கூப்பிடும்போது எத்தனையாவது மாதம், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், தனியாக உட்கார ஓர் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது 36-வது வாரம். மூன்று மணி விழிப்பு வாரத்தில் ஒரு நாளாகக் குறைந்திருக்கிறது. போன வாரம் அதே 10 கேள்விகளை மறுபடி கொடுத்தார்கள், 9 வந்தது.