வாடகை வீட்டுக் காப்பீடு: கூரைக்குக் கொடுத்தார்கள், வாடகைக்கு இழுத்தடித்தார்கள்

வளைகுடாவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் குமரி மாவட்டத்துப் பார்வதிபுரத்தில் வாடகைக்கென்றே வீடு கட்டி முடித்துவிட்டு, ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். தக்கலைப் பக்கம் வாடகைக்கு விட்டிருக்கும் என் வீடுகளுக்குச் சில ஆண்டுகளாக அதைத்தான் வைத்திருக்கிறேன். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே வாசகத்தில் விற்கும் பாலிசி இது என்பதால், தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் என்ற பட்டியலை இங்கே திரும்ப எழுதவில்லை. எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது அதிலுள்ள வாடகை இழப்பு என்ற ஒரே ஒரு பிரிவுதான்; சேதத்தால் வீட்டில் குடியிருக்க முடியாமற் போனால் நின்றுபோகும் வாடகையைத் தருவதற்கான பிரிவு அது.

ஆனி மாதக் காற்றில் பக்கத்துப் புரையிடத்துத் (வீட்டைச் சுற்றிய தோட்டத்துத்) தென்னை ஒன்று என் வாடகை வீடு ஒன்றின் ஓட்டுக் கூரையின்மேல் சாய்ந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று; அந்தப் புயலுக்குப் பிறகுதான் காப்பீட்டைப் பற்றி நானே யோசிக்கத் தொடங்கினேன். மரம் விழுவதால் நேரும் சேதம் பாலிசியில் நேரடியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஓடுகள் பழையவை, மரச்சட்டங்கள் அதைவிடப் பழையவை. ஆயினும் தேய்மானம் என்று எதையும் கழிக்காமல், புதிதாகப் போடுவதற்கு ஆகும் செலவையே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். முறிந்த மரத்தையும் உடைந்த ஓடுகளையும் அகற்றிய செலவுக்கும் ஒரு பகுதி கிடைத்தது. இவ்வளவு நேர்மையாகக் கூரைக் கணக்கு தீரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

வாடகைக் கணக்கு அப்படித் தீரவில்லை. வீடு குடியிருக்கத் தகுதியில்லை என்பதற்குக் கட்டடப் பொறியாளரிடம் சான்று வாங்கினேன்; பதிவு செய்த வாடகை ஒப்பந்தத்தையும் வங்கிக் கணக்கில் வாடகை வந்த விவரத்தையும் இணைத்துக் கொடுத்தேன். குடியிருந்த குடும்பம் மறுநாளே உறவினர் வீட்டுக்குப் போய்விட்டது. நிறுவனமோ கொத்தனாரும் ஆசாரியும் வேலை தொடங்கிய நாளிலிருந்து முடித்த நாள் வரைக்குமான வாடகையை மட்டும் தர ஒத்துக்கொண்டது. சேதத்தை மதிப்பிட அவர்கள் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாது என்று சொன்னவர்களே, அவருக்காகக் காத்திருந்த நாட்களைக் கழித்தார்கள். மழை ஓயாமல் கூரையில் ஏற முடியாதிருந்த நாட்களையும் கழித்தார்கள். பழுது பார்க்க நியாயமாகத் தேவைப்படும் காலம் என்பதே பாலிசியின் வாசகம். குமரியில் ஆனி, ஆடியில் கூரை வேலை மழைக்குக் காத்திருக்காமல் நடக்கும் என்று எண்ணுகிறவர்கள் அந்த நியாயத்தை எங்கிருந்து அளக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்த பிறகு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தார்கள். அதற்கும் மேல் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் என்ற நடுவரிடம் கட்டணமில்லாமலும் வழக்கறிஞர் இல்லாமலும் முறையிடலாம். நான் அந்த வழியை இன்னும் அடைத்துவிடவில்லை.

நண்பர் வீட்டை ஒத்திக்கு, அதாவது ஒரு பெருந்தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு, விட நினைத்திருந்தால் இந்தப் பிரிவை மறந்துவிடலாம். ஒத்தியில் மாத வாடகையே கிடையாது. அப்படியிருக்க, எந்த இழப்பைக் கணக்கிடுவார்கள்? வீடு இருக்க முடியாமற் போய்க் குடியிருப்பவர் வெளியேறினால், மொத்தப் பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் உரிமையாளர்தான். அந்தப் பணத்தை வீட்டுக் கடன் அடைக்கவோ நகை மீட்கவோ செலவழித்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்பது எல்லோருக்கும் தெரியும். வாடகைக்கு வாங்கும் அட்வான்ஸும் இதே வகைதான். தமிழ்நாட்டின் 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் அதை வாங்க முடியாது, வாங்கிய தொகையும் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனே.

ஆகவே நான் வாடகையைப் பன்னிரண்டு மாத வருமானமாகக் கணக்கிடுவதில்லை. பத்து மாதத்துக்குத்தான் கணக்கிடுகிறேன். மீதியை அட்வான்ஸோடு தனிக் கணக்கில் வைத்திருக்கிறேன். சுவர் ஈரமும் தளக் கசிவும் மெல்ல மெல்ல நேர்பவை என்பதால் பாலிசி அவற்றுக்கு எதுவும் தராது. ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெறும் மாவட்டத்தில் செலவு அதிகம் வைப்பவையும் அவைதான். வருமான வரியில் புதிய முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், வாடகையைவிட வீட்டுக் கடன் வட்டி மிஞ்சினால், அந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காப்பீட்டுத் தொகையைச் சென்ட் விலையை வைத்துப் போடக்கூடாது. மண் எரியாது, இடியாது. வீட்டைத் திரும்பக் கட்டுவதற்கான செலவு மட்டுமே கணக்கு. கடன் கொடுத்த வங்கி கடன் தொகை அளவுக்கு எடுத்துக் கொடுத்த பாலிசி போதும் என்று இருந்துவிடவும் கூடாது. குடியிருப்பவரின் பொருள்கள் நம் பாலிசியில் வராது என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. மரம் விழுந்த அன்று நனைந்துபோன அவர்களுடைய தொலைக்காட்சிக்கு யாரும் ஒரு ரூபாய் தரவில்லை. வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் அவர்களே தனியாகப் பாலிசி எடுத்துக்கொள்ள முடியும்.

கூரைக்கு அவ்வளவு ஒழுங்காகப் பணம் கொடுத்த அதே நிறுவனத்தில் அடுத்த முறை நான் புதுப்பிக்கப் போவதில்லை. வாசகம் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றே என்று தெரிந்தும் மாற்றுகிறேன். சர்வேயரை அனுப்பத் தாமதித்துவிட்டு அந்த நாட்களை என் கணக்கில் கழித்தவர்களிடம் மீண்டும் பிரீமியம் கட்ட எனக்கு மனமில்லை. நண்பர் பாலிசியை எடுக்கட்டும், முதல் குடும்பத்திடம் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே எடுக்கட்டும். சர்வேயருக்காகக் காத்திருக்கும் நாட்களுக்கும் மழையில் வேலை நிற்கும் நாட்களுக்கும் வாடகை உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதில் எழுத்தில் வந்த பிறகு பணம் கட்டட்டும்.