செஞ்சிக்கு வேன் பேசும் முன் கேளுங்கள்: எந்த ரங்கநாதர்?

"செஞ்சிக் கோட்டை, ரங்கநாதர் தரிசனம், ஒரே நாளில்" என்று ஆள் சேர்க்கும் வேன்களில் பணம் கட்டி ஏமாந்து திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். சூட்சுமம் எந்த ரங்கநாதர் என்பதில் இருக்கிறது.

செஞ்சிக் கோட்டையின் முக்கிய மலையான ராஜகிரியின் உச்சியிலும் ரங்கநாதர் கோயில் உண்டு. ஆனால் அங்கே மூலவர் இல்லை, பூஜையும் இல்லை. வழிபாட்டில் உள்ள பள்ளிகொண்ட பெருமாள் ஊருக்கு வடக்கே சிங்கவரத்தில், பல்லவர் காலக் குடைவரையில் இருக்கிறார். டீசலை மிச்சம் பிடிக்க நினைக்கும் வேன்காரர் கோட்டை வாசலிலேயே இறக்கிவிட்டு, "கோயில் மேலதான், பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். அர்ச்சனைத் தட்டோடு ஆயிரம் படிக்கு மேல் ஏறிப் போகும் வயதானவர்களுக்கு மேலே கிடைப்பது வெறும் கருவறை. தேங்காய் பழத்தைப் பாதி வழியிலேயே குரங்கு பறித்திருக்கும். இது பெரிய பாவம்.

அடுத்தது நேரம். சென்னையில் 8 மணிக்குக் கிளம்பும் வேன் 11 மணிக்கு மேல்தான் செஞ்சி சேரும். ஏறவே ஒன்றரை மணி நேரம் வேண்டும். பாறை அனலாகக் கொதிக்கும், மேலே தண்ணீர் விற்பவர் கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் கையில் இருக்க வேண்டும். பிற்பகலில் ஒரு நேரத்துக்குப் பிறகு மலையேற விடமாட்டார்கள். அப்போது அடிவாரத்திலுள்ள கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் காட்டி "அவ்வளவுதான்" என்று கூட்டிவந்துவிடுவார்கள். இரண்டும் அருமையான கட்டடங்கள்தான், ஆனால் நீங்கள் பணம் கொடுத்தது மலைக்கு.

சிங்கவரத்தில் நண்பகலில் நடை சாத்துவார்கள். அதனால் காலையில் மலை, மாலையில் தரிசனம் என்பதே சரியான வரிசை. "மதியத்துக்குள் இரண்டும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

தலைக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணத்தை வேனிலேயே வசூலித்தால் கொடுக்காதீர்கள். தொல்லியல் துறைச் சீட்டை நீங்களே வாங்குங்கள். 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. ராஜகிரிக்கு வாங்கிய சீட்டே எதிரிலுள்ள கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரிக்கும் செல்லும், கிழித்துப் போடாதீர்கள்.

முன்பணம் அனுப்பும் முன் 'சிங்கவரம்' என்ற பெயர், செஞ்சியில் இறக்கிவிடும் நேரம், வண்டி காத்திருக்கும் மணிக்கணக்கு மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். திண்டிவனம்–திருவண்ணாமலை பேருந்துகள் செஞ்சி வழியாகத்தான் போகின்றன. அங்கிருந்து கோட்டைக்கும் சிங்கவரத்துக்கும் ஆட்டோவைப் போகவர பேசிக்கொள்ளலாம்.