கொல்கத்தா டெர்பி கேலரி டிக்கெட்: வாங்குங்கள், ஆனால் எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்குங்கள்

கொல்கத்தாவின் ஐ.டி. பகுதியான சால்ட் லேக் செக்டர் ஃபைவுக்கு வேலைக்கு வரும் நம்ம ஊர்க்காரர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்வி இது. டெர்பியை, அதாவது இந்த ஊரின் இரண்டு பெரிய ஃபுட்பால் கிளப்களான மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் மேட்சை, நேரில் போய்ப் பார்க்கலாமா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? அடிதடி இருக்குமா? நான் மூன்று டெர்பி பார்த்திருக்கிறேன், நான்காவது நடக்கவில்லை. அதை வைத்துச் சொல்கிறேன். ஆட்டத்துக்கும் கேலரிக்கும் ஐந்துக்கு ஐந்து. முதல் தடவை எனக்கு டிக்கெட் விற்ற செயலிக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் பணம் சரியாக எடுத்துக்கொண்டதற்காக.

நான் வியாசர்பாடிக்காரன். முல்லை நகர் மைதானத்தில் பந்து உதைத்து வளர்ந்தவன். எங்கள் பக்கத்திலும் ஏரியா டீம்களுக்குள் சண்டை வரும், ஃபவுலுக்கு விசில் ஊதாத ரெஃப்ரியை வீடு வரை துரத்தியதும் உண்டு. அதனால் டெர்பி என்றதும் எனக்குப் பயம் எதுவும் இல்லை. 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை. நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் அந்த சீசனில்தான் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்திருந்தான். பதினொரு வயது மகனிடம் “வாடா, நம்ம ஊர் அண்ணன் ஆடுறான், பாத்துட்டு வரலாம்” என்று சொல்லி இரண்டு டிக்கெட் எடுத்தேன். இரண்டும் சேர்ந்து ஒரு மட்டன் பிரியாணி விலைதான்.

தப்பு அங்கேதான் நடந்தது. செயலியில் வெறும் பகுதி எண்கள்தான் இருந்தன. எந்தப் பகுதி யாருடையது என்று எங்கேயும் போடவில்லை. காலியாக இருந்ததில் நல்ல கோணமாகப் பார்த்து எடுத்தேன். உள்ளே போய் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தால் ஒரே பச்சையும் மெரூனும். நாங்கள் நந்தகுமாருக்காக வந்து மோகன் பகான் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். நல்லவேளை, இரண்டு பேரும் சாதாரண சட்டைதான் போட்டிருந்தோம். “டேய், வாயைத் திறக்காதே” என்று பையனிடம் காதோடு சொன்னேன். அவன் திறக்கவில்லை. திறந்தது நான்தான்.

அறுபதாவது நிமிஷம் இருக்கும். வலது ஓரத்தில் பந்து நந்தகுமாருக்கு வந்தது. உள்ளே வெட்டி, இடது காலால் ஒரு அடி. மோகன் பகான் கோல்கீப்பர் விஷால் கைத் பாய்ந்தும் எட்டவில்லை. ஈஸ்ட் பெங்கால் அதற்கு முன் தொடர்ந்து எட்டு டெர்பி தோற்றிருந்தது. 2019 ஜனவரிக்குப் பிறகு ஒரு வெற்றி கிடையாது. எதிர்ப்பக்க கேலரியிலிருந்து வந்த சத்தம் எங்கள் காலடிக் காங்கிரீட்டில் அதிர்ந்தது. எங்கள் பக்கம் முழுக்க மூச்சில்லை. அந்த அமைதிக்கு நடுவில் நான் எழுந்து நின்று “நந்தா!” என்று கத்திவிட்டேன்.

முதலில் முதுகில் ஒரு தண்ணீர்ப் பாக்கெட் வந்து உடைந்தது. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு கை என் காலரைப் பிடித்துத் திருப்பியது. இருபது வயதுகூட இருக்காது அந்தப் பையனுக்கு. முகத்தில் பச்சைச் சாயம், கண்ணில் நிஜமாகவே தண்ணீர். என்னை அடிக்க வந்தவன் அழுதுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். என் மகன் என் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடி இப்போதும் ஞாபகம் இருக்கிறது, விரல் நகம் சட்டையைத் தாண்டிப் பதிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னைத் தோளில் அழுத்தி உட்கார வைத்தார். அறுபதைத் தாண்டியவர், கதர் ஜிப்பா, கழுத்தில் பச்சை-மெரூன் துண்டு. அந்தத் துண்டை எடுத்து என் மகன் கழுத்தில் போட்டார். பின்னால் திரும்பி வங்காளத்தில் இரண்டே வார்த்தை சொன்னார். பிடித்திருந்த கை விட்டது. “தாதா (இங்கே அண்ணன் என்று அர்த்தம்), நான் சென்னை. அந்தப் பையனும் சென்னை. அதனாலதான்” என்று அரைகுறை இந்தியில் சொன்னேன். “புரியுது. ஆனா இங்க உட்கார்ந்து இல்ல” என்றார். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எழுந்து எங்களைப் படிக்கட்டு வரை கூட்டி வந்தார். தன் டீம் தோற்றுக்கொண்டிருக்கும் கடைசி ஐந்து நிமிஷத்தை ஒரு மோகன் பகான்காரர் விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த ஊரில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

படிக்கட்டில்தான் சொன்னார், 1980 ஆகஸ்ட் 16-இல் தானும் ஈடன் கார்டன்ஸில் இருந்ததாக. கல்கத்தா லீக் டெர்பி அது. ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்துக்கும் மோகன் பகானின் பிதேஷ் போஸுக்கும் களத்தில் மோதல், இரண்டு பேருக்கும் ரெட் கார்டு. கீழே நடந்தது மேலே பரவியது. அன்றைக்கு இரண்டு பக்கத்து ரசிகர்களும் ஒரே கேலரியில் கலந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். கல்லடி, நெரிசல், 16 பேர் செத்துப்போனார்கள். ஆட்டம் பார்க்க வீட்டைவிட்டுக் கிளம்பிய 16 பேர். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் அவர்கள் நினைவாக இங்கே ரத்ததான முகாம் நடத்துகிறார்கள். பெரியவர் இதையெல்லாம் விளக்கவில்லை. “ஒரு செருப்போட ஷியாம்பஜார் வரைக்கும் நடந்தேன். அப்போ எனக்குப் பக்கத்துல யார் உட்கார்ந்திருந்தான்னு எனக்கே தெரியாது” என்று மட்டும் சொன்னார். மற்றதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அதனால்தான் டிக்கெட் விற்றவர்கள்மீது எனக்கு இவ்வளவு கோபம். இரண்டு பக்கத்துக்கும் தனி கேலரி, தனி வாசல், நடுவில் போலீஸ் என்று இந்த ஊர் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு சும்மா வந்ததில்லை. அந்த ஏற்பாட்டில் முதல் படி டிக்கெட். அதில் “இது மோகன் பகான் பக்கம்”, “இது ஈஸ்ட் பெங்கால் பக்கம்” என்று பெரிய எழுத்தில் இல்லையென்றால் வாசலில் நூறு போலீஸ் நின்றும் பயனில்லை. நான் எழுதிய புகாருக்கு “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று ஒரு மெயில் வந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் வாங்கும்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பகுதி எண்ணை எடுத்துக்கொண்டு, பணம் கட்டும் முன், ஆபீஸில் ஒரு வங்காளியிடம் காட்டுங்கள். அரை நொடியில் சொல்லிவிடுவார். கூடவே நீங்கள் எந்தப் பக்கம் என்றும் கேட்பார். “சும்மா பார்க்கத்தான்” என்ற பதில் இங்கே செல்லாது.

எந்தப் பக்கம் என்பது இங்கே வீட்டு விஷயம். மோகன் பகான் 1889-இல் தொடங்கிய கிளப். 1911-இல் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் படைப்பிரிவை ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கோப்பைப் போட்டியின் ஃபைனலில் ஜெயித்த பெருமை அதற்கு. மேற்கு வங்கப் பூர்வீகக்காரர்கள், ‘கோட்டி’ என்பார்கள், பெரும்பாலும் அந்தப் பக்கம். ஈஸ்ட் பெங்கால் 1920-இல் வந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த ‘பாங்கால்’ குடும்பங்கள் அதன்பின் நின்றன. 1947 பிரிவினையில் வீடு வாசலை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு இந்த ஊரில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தச் சிவப்பு-மஞ்சள் சட்டைதான் இருந்தது. மோகன் பகான்காரர்களுக்கு இறால், ஈஸ்ட் பெங்கால்காரர்களுக்கு இலிஷ், அதாவது நம்ம உள்ளம் மீன். டெர்பிக்கு மறுநாள் மீன் மார்க்கெட்டில் எது விலை ஏறியிருக்கிறது என்று பார்த்தே யார் ஜெயித்தார்கள் என்று சொல்லிவிடலாம் என்பார்கள். என் வீட்டு ஓனர் அம்மாவின் அப்பா கிழக்கு வங்கத்துப் பரிசாலில் பிறந்தவர். அவர் வீட்டில் தோற்ற நாளில் அடுப்பு லேட்டாகத்தான் பற்றவைப்பார்களாம்.

இரண்டாவது தடவை, செப்டம்பர் 3, அதே டூரண்ட் கோப்பை ஃபைனல். இந்த முறை சரியாகச் சிவப்பு-மஞ்சள் பக்கம். மோகன் பகானின் அனிருத் தாபா ரெட் கார்டு வாங்கி வெளியே போனார். பத்து பேரோடு ஆடியும் பெட்ராடோஸ் ஒரு கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று எங்கள் பக்கத்திலிருந்து தாபாவைப் பார்த்துக் கத்தியதை நான் எழுத மாட்டேன். நானும் பகைக்கு ஆள்தான், டெர்பிக்குப் பகை வேண்டும். ஆனால் தாயையும் தங்கையையும் இழுக்காமல் ஒருத்தனைத் திட்ட முடியாதா என்று அன்று மனசு கசந்தது.

பையனுக்கு வங்காளம் அப்போது அவ்வளவாக வராது. மோகன் பகான்காரர்களை ‘மாச்சா’ என்று கத்துவார்கள், இழிவான பேர். அவன் என்னைப் பார்த்து, “அப்பா, ஏன்ப்பா எதிர் டீமை மச்சான்னு கூப்பிடுறாங்க?” என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. மோகன் பகான் பக்கத்தில் ஈஸ்ட் பெங்கால்காரர்களை ‘லோட்டா’ என்பார்கள். சிலர் இன்னும் மோசமாக ‘காட்டாதார்’ என்பார்கள், முள்வேலி என்று அர்த்தம், எல்லையில் முள்வேலி தாண்டி வந்தவன் என்று குத்துவது. வீடிழந்து வந்தவனை எழுபது வருஷம் கழித்து அதைச் சொல்லிக் குத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அதற்குப் பதில் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. 2020 ஜனவரி டெர்பியில், குடியுரிமைச் சட்டச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, கேலரியில் ஒரு பெரிய பதாகையை இறக்கினார்கள்: “ரத்தம் கொடுத்து வாங்கிய மண், காகிதம் கொடுத்து அல்ல.” நான் அப்போது இங்கே இல்லை. படத்தைத்தான் பார்த்தேன்.

சரி, வசதிகள். க்ரீன் லைன் மெட்ரோவில் சால்ட் லேக் ஸ்டேடியம் ஸ்டேஷன் இருக்கிறது, செக்டர் ஃபைவிலிருந்து சில நிமிஷம். பைக்கை எடுக்கவே எடுக்காதீர்கள். இரண்டு மணி நேரம் முன்னால் போங்கள். ஜெர்சியை உள்ளே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள், வழியில் வேண்டாம். மைதானத்துக்குள் இருப்பதைவிட வெளியே, மேட்ச் முடிந்து சிக்னலில் லாரியும் பைக்குமாக நிற்கும்போதுதான் வம்பு வருகிறது. சாப்பாடு வெளியிலேயே முடித்துவிடுங்கள். எக் ரோலும் ஜால்முரியும் நன்றாக இருக்கும், கூட்டம் கூடக்கூட ரோலில் முட்டை மெலிந்துகொண்டே போகும்.

வாசலில் தண்ணீர் பாட்டில், லைட்டர், சில்லறைக் காசுகூட வாங்கிப் போட்டுவிடுவார்கள். கோபப்படாதீர்கள். 2012 டிசம்பர் 9 ஐ-லீக் டெர்பியில் கேலரியிலிருந்து வந்த கல் மோகன் பகான் வீரர் ரஹீம் நபியின் முகத்தில் பட்டது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார், மோகன் பகான் இரண்டாம் பாதிக்கு இறங்கவே இல்லை. அந்த ஐந்து ரூபாய்க் காசை நான் இப்போது நானாகவே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

மூன்றாவது, 2024 பிப்ரவரியில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆட்டம், 2-2. நல்ல ஆட்டம், வம்பில்லை. அதைப்பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவதுதான் நடக்காமல் போனது. 2024 ஆகஸ்ட் 18. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் கொல்லப்பட்டு ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. பாதுகாப்புக்குப் போலீஸ் தர முடியாது என்று டெர்பியை ரத்து செய்தார்கள். ஆனாலும் அன்று சாயந்திரம் ரசிகர்கள் ஸ்டேடியத்துக்கு வெளியே பைபாஸில் கூடினார்கள். நானும் பையனும் போய் ஓரமாக நின்றோம். பச்சை-மெரூனும் சிவப்பு-மஞ்சளும் கலந்து நின்றன, ஊரின் மூன்றாவது பெரிய கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங் ஆட்களும் வந்திருந்தார்கள். எல்லோர் வாயிலும் ஒரே கோஷம், நியாயம் வேண்டும் என்று. ஒரு சிவப்பு-மஞ்சள் சட்டைக்காரன் பச்சை-மெரூன் சட்டைக்காரன் தோள்மேல் ஏறி உட்கார்ந்து கத்தினான். அப்புறம் போலீஸ் தடியடி. ஓடும்போது யார் கையை யார் பிடித்து இழுத்தார்கள் என்று சட்டை பார்த்துச் சொல்ல முடியவில்லை. எங்களை ஒரு சந்துக்குள் இழுத்துவிட்ட பையன் முகத்தில் பச்சைச் சாயம் இருந்தது. அவன்தான் என் காலரைப் பிடித்தவனா என்று கேட்காதீர்கள், சாயம் பூசினால் எல்லா முகமும் ஒன்றுபோல்தான் தெரிகிறது.

அந்தப் பெரியவரின் துண்டு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. படிக்கட்டில் அவசரத்தில் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டோம். பையன் அதைத் தன் சிவப்பு-மஞ்சள் ஜெர்சிக்கு மேலேயே மடித்து வைத்திருக்கிறான். ஒவ்வொரு டெர்பிக்கும் ஒரு மணி நேரம் முன்னால் போய் மோகன் பகான் வாசலுக்கு எதிரே நிற்கிறோம், துண்டை ஒரு காகிதப் பொட்டலத்தில் கட்டிக்கொண்டு. உயரமான ஆள், கதர் ஜிப்பா, இடது கண்ணாடிக் காம்பில் நூல் சுற்றியிருக்கும். உங்கள் டிக்கெட் அந்தப் பக்கம் விழுந்து, அவர் பக்கத்து இருக்கையில் இருந்தால், சென்னைக்காரனும் அவன் மகனும் வாசலில் நிற்கிறார்கள் என்று சொல்லுங்கள்.