கையால் செய்த தேக்கு பெஞ்சு: சில வருடங்கள் புழங்கிய பிறகு

மதுரையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தேக்கு பெஞ்சு கிடக்கிறது. 4 அடி நீளம், 14 அங்குல அகலம், 17 அங்குல உயரம். நான் முதன்முதலாகச் செய்த மரச்சாமான் அதுதான். புதிதில் எந்தச் சாமானும் அழகாகத்தான் இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சில கத்திரி வெயிலையும் சில ஐப்பசி மழையையும் பார்த்துவிட்டது என்பதால் இப்போது எழுதுகிறேன். என் கணிப்பில் இந்தப் பெஞ்சை இன்றுவரை காப்பாற்றுபவை இரண்டு: கால்களைப் பிடித்திருக்கும் கழுந்து மூட்டு (ஒரு கட்டையின் முனை இன்னொன்றின் துளைக்குள் நுழையும் இணைப்பு), மேல்பலகை விரிந்து சுருங்க விட்ட இடம். பாலிஷெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மரம் பழைய வீடு இடித்த சாமான் விற்கும் கடையில் வாங்கியது. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்குக்குத் தனி மவுசு, தனி விலை. நான் எடுத்தது சாதாரண வாசக்கால் கட்டையும் கதவுப் பலகையும். வீண் போவதையும் சேர்த்து 1¼ கன அடி போதுமாக இருந்தது. பழைய மரத்தில் ஈரம் எப்போதோ வற்றியிருக்கும், அறுத்த பிறகு முறுக்கிக்கொள்வது குறைவு. ஆனால் உள்ளே ஆணி ஒளிந்திருக்கும். இழைக்கும் முன் ஒரு காந்தத்தைப் பலகை முழுக்க ஓட்டிப் பார்த்துவிடுங்கள், இழைப்புளியின் அலகு தப்பிக்கும். இன்னொன்று, தேக்கில் பூச்சி விழாது என்று சொல்வது வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்குத்தான் பொருந்தும். ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளையில் வண்டு தாராளமாகத் துளைக்கும். அந்தப் பகுதியை முழுக்கக் கழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். இதுவரை பெஞ்சுக்கு அடியில் பொடி உதிர்ந்து பார்த்ததில்லை.

இனி மூட்டு. காலில் செவ்வகமாக ஒரு துளை, குறுக்குச் சட்டத்தின் முனையில் அதற்குள் நுழையும் கழுந்து. சட்டத்தின் கனம் 1 அங்குலம், அதாவது 8 நூல். கழுந்தின் கனம் அதில் மூன்றில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு, அதனால் 3 நூல் வைத்தேன். கழுந்து துளைக்குள் 1¼ அங்குலம் போகிறது. கையால் அழுத்தினால் பாதி போக வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியால்) தட்ட வேண்டும், அந்த அளவு இறுக்கம். தொளதொளவென்று இருந்தால் எந்தப் பசையும் உதவாது.

பசை போட்டதோடு விடாமல் மூங்கில் ஆணியும் அடித்திருக்கிறேன். நம் ஊர்க் கதவுகளில் பார்த்திருப்பீர்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. காலில் போட்ட துளைக்கு நேராகவே கழுந்திலும் துளை போடாமல், அரை நூல் அளவுக்குச் சட்டத்தின் தோள் (கழுந்து தொடங்கும் இடம்) பக்கமாகத் தள்ளிப் போட வேண்டும். ஆணி இறங்கும்போது அந்த அரை நூல் வித்தியாசம் சட்டத்தைக் காலோடு இழுத்து நெருக்கிவிடும். பசை என்றைக்காவது விட்டாலும் ஆணி விடாது. மூன்று பெரியவர்கள் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள், பிள்ளைகள் மேலே ஏறிக் குதிக்கிறார்கள். பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை. ஸ்க்ரூ போட்டு முடித்த ஸ்டூல்கள் ஒரு வருடத்தில் ஆட ஆரம்பிப்பதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். முதல் சாமான்தானே என்று மூட்டில் சுருக்குவழி தேட வேண்டாம். நான்கு கால் மூட்டுகளைக் கையால் வெட்டி முடிக்கும்போதே பாதித் தச்சு வேலை கைக்கு வந்துவிடும்.

மேல்பலகையைப் பற்றித்தான் அதிகம் பேர் யோசிப்பதில்லை. மரம் நீளவாக்கில் கண்ணுக்குத் தெரியும்படி மாறாது, அகலவாக்கில் மாறிக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். எத்தனை வருடம் ஆன பழைய மரமானாலும் இது நிற்காது. அதை அசையவிடாமல் அடியிலுள்ள சட்டத்தோடு இறுக்கிவிட்டால் பலகை ஏதாவது ஒரு கோடையில் வெடிக்கும். அதனால் பலகையைப் பிடிக்கும் திருகுகளில், குறுக்குச் சட்டங்களின் நடுத் திருகுக்கு மட்டும் இறுக்கமான துளை, இரு ஓரத் திருகுகளுக்கு அகலவாக்கில் நீண்ட துளை. திருகுகள் பித்தளை, ஏனென்றால் இரும்பு ஈரத்தோடு சேர்ந்தால் தேக்கில் கறுப்பாகக் கறை இறங்கும். பலகைக்கு அடியில், சட்டத்தை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மே மாதத்துக்கும் நவம்பருக்கும் இடையே மொத்த அகலத்தில் முக்கால் நூல் அளவுக்கு வித்தியாசம் தெரிகிறது. 14 அங்குலப் பலகையில் முக்கால் நூல் சின்ன விஷயம் இல்லை. இடம் விட்டிருப்பதால் ஒரு வெடிப்புகூட விழவில்லை.

பாலிஷ் என்று பெரிதாக எதுவும் இல்லை. 80, 120, 220 என்று உப்புத்தாளால் தேய்த்து, காய்ச்சிய ஆளி விதை எண்ணெயில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து துணியால் பூசி, மிச்சத்தைத் துடைத்து எடுத்தேன். அதையே சில முறை. முதல் வாரம் கூடத்தில் அந்த வாசம் இருக்கும், பிடிக்காதவர்கள் மொட்டைமாடியில் காய வைக்கலாம். பளபளப்பு கிடையாது. காபி டம்ளரை வைத்தால் வட்டமாகத் தடம் விழும். ஆனால் அந்த இடத்தில் மட்டும் 220 உப்புத்தாளை லேசாக ஓட்டி ஒரு கை எண்ணெய் தடவினால் தடம் மறைந்துவிடும். கனமாக வார்னிஷ் ஏற்றியிருந்தால் ஒரு கீறலுக்காக மொத்தப் பலகையையும் சுரண்ட வேண்டியிருக்கும். ஒருமுறை மஞ்சள்தூள் கொட்டிக் கறை பிடித்தது. வெயில் படும் ஜன்னலோரம் நகர்த்தி வைத்தோம், தானாக வெளுத்துவிட்டது. புதிதில் பலகைக்குப் பலகை வேறு நிறமாக இருந்தவை இப்போது ஒரே தேன் நிறத்துக்கு வந்துவிட்டன. மழைக்காலம் முடிந்து பொங்கலுக்கு முன்னால் வருடம் ஒரு பூச்சு, பராமரிப்பு அவ்வளவுதான்.

கால்களின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கும் வீட்டில், அறுத்த முனை வழியாகத் தண்ணீர் மேலே ஏறும். முனைகளில் எபாக்ஸி பூசி, ரப்பர் புஷ் மாட்டியிருக்கிறேன். அதனால் அங்கே கறுப்பு ஏறவில்லை. குறை என்று சொன்னால், எடை. 18 கிலோ வரும், வயதானவர்களால் தனியாக நகர்த்த முடியாது. சாய்வு இல்லாததால் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் முதுகு வலிக்கும். விளிம்புகளில் அங்கங்கே நசுங்கல் உண்டு, அது எனக்கு உறுத்தலாக இல்லை.

கருவிகள் நிறைய வேண்டாம். ஒரு கைரம்பம், ஓர் இழைப்புளி, 3 நூல் உளியும் அகலமான ஓர் உளியும், கொட்டாப்புளி, மூலமட்டம் (மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி), நல்ல சாணைக்கல். கடைசியில் சொன்னதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். எங்கள் தெரு ஆசாரி அண்ணன் என் கையைப் பார்த்துவிட்டு, "உளிதான் வெட்டணும் தம்பி, நீங்க தள்ளக் கூடாது" என்றார். கூர் இருந்தால் தேக்கு எளிதாக வெட்டுப்படும். தேக்கு கட்டுப்படியாகாதவர்கள் நன்றாகக் காய்ந்த வேம்பிலோ பூவரசிலோ செய்யலாம், இரண்டும் நம் ஊரில் காலங்காலமாகப் புழங்கும் மரம்தான்.

எண்ணெய் பூசிய துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் கொடியில் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள்.